இத்தாலியப் பயிற்சியாளருக்கு நான் மொழிபெயர்த்த நாள்

ஒரு மொழி அறவே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்பான். நன்றாகத் தெரிந்தவனாலும் கெடுதல் இல்லை. ஆபத்தானவன், ஒரு நூறு சொற்களை வைத்துக்கொண்டு அந்த மொழியே தன் வீட்டுச் சொத்து என்று நடமாடுகிறவன்தான். டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் அந்தப் பதவியை நான் பல ஆண்டுகள் வகித்தேன். மொழி, இத்தாலியன்.

டென்மார்க்குக்கு வருவதற்கு முன் சிசிலித் தீவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். (ஊருக்குச் சொன்னது, ஹோட்டல் நிர்வாகம்.) அங்கே தலைமைச் சமையற்காரர் என்னைப் பார்த்துக் கத்திய சொற்கள்தான் என் இத்தாலியன். வெட்டு, மூடு, கழுவு, உப்பு, சீக்கிரம், அப்புறம் பிள்ளைகள் முன்னால் சொல்ல முடியாத சில. இந்த முதலீட்டை வைத்துக்கொண்டு, இத்தாலியன் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று என் மனைவி மதியிடமும், மகள் அபிஷாவிடமும், ஊரில் இருந்த தமிழ்ச் சனம் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க ஆளில்லாத இடத்தில் எல்லாரும் பண்டிதர்தான்.

பிறகு ஓர் இத்தாலியர் வந்து சேர்ந்தார்.

அபிஷா அப்போது ஊர்க் கழகத்தின் பெண்பிள்ளைகள் உதைபந்தாட்ட அணியில், பின்வரிசையில் தடுப்பாட்டக்காரியாக ஆடிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் புதுப் பயிற்சியாளராக ரெனாத்தோ என்பவர் வருகிறார் என்றதும் இணையத்தில் அவருடைய வரலாறு முழுவதையும் படித்தேன். இத்தாலியின் கீழ்ப் பிரிவுக் கழகங்களில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். எந்தக் கழகத்திலும் நிலைத்து நின்றதில்லை. கோல் அடித்திருக்கிறார்; பெரும்பாலும் தன் பக்கத்து வலைக்குள்ளேயே. முழங்கால் பழுதானதும் பயிற்சியாளரானார். இத்தாலியில் பயிற்சியாளர் வேலை என்பது, நீக்கப்படுவதற்காகவே ஏற்றுக்கொள்ளும் வேலை. அதிலும் அவர் குறை வைக்கவில்லை. கடைசியில் டெனிஷ்கார மனைவியின் ஊருக்கே வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கச் சம்மதித்திருந்தார். வாழ்நாள் முழுவதும் பின்னால் நின்று அடி வாங்கிய அந்த மனிதருக்கு இன்னும் ஓர் அடி மிச்சம் இருந்தது. அது நான்.

அவர் சொல்வதை அவருடைய மனைவிதான் பிள்ளைகளுக்கு டெனிஷில் சொல்லிவந்தார். பருவத்தின் கடைசி ஆட்டம் நெருங்கிய வாரத்தில் அந்த அம்மாவின் தாய்க்குச் சுகமில்லாமல் போக, அவர் ஓகுஸ் நகருக்குப் போய்விட்டார். சாதாரண ஆட்டம் என்றால் பரவாயில்லை. தோற்காமல் இருந்தாலே எங்கள் அணி மேல்பிரிவுக்குப் போய்விடும் என்ற ஆட்டம். அணிப் பொறுப்பாளர் கிர்ஸ்டன் பெற்றோர் கூட்டத்தில், யாருக்காவது இத்தாலியன் தெரியுமா என்று கேட்டார். என் கை உயர்ந்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவரின் கோப்பி சிந்தியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அபிஷா டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். மதி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அது பிள்ளையளின்ர மட்ச். உங்களுக்கு உண்மையாத் தெரியுமோ?"

"ஓம் ஓம். நான் சிசிலியில இருந்தனான் எல்லே" என்றேன். சிசிலியில் இருந்தது உண்மை. அதைத்தான் பிறகு நீதிமன்றத்தில்கூடச் சொல்லலாம் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

ஆட்டத்துக்கு முந்திய பயிற்சி, நான் நினைத்ததைவிடச் சிறப்பாகப் போனது. ரெனாத்தோ கைகால்களால் பேசுகிறவர். அவர் பந்தை உதைத்துக் காட்டினால் நான், "பந்தை உதைக்கச் சொல்கிறார்" என்பேன். அவர் ஓடிக் காட்டினால், "ஓடச் சொல்கிறார்." கிர்ஸ்டன் என் தோளில் தட்டிப் பாராட்டினார். அபிஷா மட்டும் எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத தூரத்திலேயே நின்றாள்.

சனிக்கிழமை கடலில் இருந்து வந்த காற்று ஆளைத் தள்ளியது. ஆட்டம் தொடங்குமுன் ரெனாத்தோ பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, நீளமாகவும் உருக்கமாகவும் பேசினார். அந்தப் பேச்சில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்: 'கோப்ரி'. மூடு என்று பொருள். சமையற்காரர் சூப்புப் பானையைக் காட்டி என்னிடம் தினமும் சொல்லும் சொல். (ஒருத்தி பந்துக்குப் போனால் மற்றவள் அவளுடைய இடத்தைக் காக்க வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று பின்னால் அறிந்தேன்.) நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குளிராக இருக்கிறது, எல்லாரும் நன்றாக மூடிக்கொள்ளச் சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

பிள்ளைகள் மைதானத்துக்குள் இறங்காமல் ஜாக்கெட்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கிர்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அக்கறையான பயிற்சியாளரை அவர் கண்டதில்லையாம். ரெனாத்தோ அதிசயமாகப் பார்த்தார். இது டென்மார்க் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். நடுவர்தான் வந்து கழற்ற வைத்தார்.

முதற்பாதியில் கோல் எதுவும் விழவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் எதிரணி மூச்சுவிடாமல் தாக்கியது. பயந்துபோன எங்கள் பின்வரிசை தங்கள் கோல் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. ரெனாத்தோ கோட்டோரம் வந்து இரண்டு கைகளையும் வீசிக் கத்தத் தொடங்கினார். "சாலி! சாலி!"

என் உடம்பு சிலிர்த்தது. சமையலறையில் நான் அதிகம் கேட்ட சொல். உப்பு. அங்கே 'சாலே' என்பார்கள்; இவர் வட இத்தாலியர், வாய் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும் என்று மொழியியல் அறிஞனாக முடிவு செய்தேன். உப்பு எதற்கு? அதற்கும் விடை கைவசம் இருந்தது. வியர்த்தால் உடம்பிலிருந்து உப்புப் போகும், கால் பிடித்துக்கொள்ளும். நாற்பது வருடம் மைதானத்தில் கிடந்த மனிதருக்குத் தெரியாதா? கழக வீட்டில் சொசேஜ் விற்ற மேசைக்கு ஓடி, உருளைக்கிழங்குப் பொரியலுக்கு வைத்திருந்த உப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு பிள்ளை காலில் அடிபட்டு ஆட்டம் நின்றபோது, பின்வரிசைக்காரிகளைக் கோட்டோரம் கூப்பிட்டு, தண்ணீர்ப் போத்தல்களில் தாராளமாக உப்பைப் போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். ரெனாத்தோ அடிபட்ட பிள்ளையோடு உள்ளே நின்றார். அபிஷா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "நிச்சயமாவா?" என்று டெனிஷில் கேட்டாள்.

"குடி பிள்ளை. அவர் சொல்றார்."

குடித்தாள். அப்பா சொல்லிக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பந்து எங்கள் பக்கம் வர, அபிஷாவின் பக்கத்தில் நின்றவள் குனிந்து புல்லில் வாந்தி எடுத்தாள். எதிரணிக்காரி அவளை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய் கோல் அடித்தாள். ரெனாத்தோ இன்னும் உரக்க "சாலி!" என்றார். அவர் கேட்கக் கேட்க நான் குறைவாகக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று எனக்குக் கவலை வந்தது. பெட்டியோடு மைதானத்துக்குள்ளேயே ஓடினேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அபிஷா பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். அந்த நேரத்தில் இரண்டாவது கோல் விழுந்தது.

நடுவர் ஓடிவந்து, கையில் என்ன என்று கேட்டார். உப்பு என்றேன். உதைபந்தாட்டச் சட்டத்தில் உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை போலும், சற்று யோசித்தார். பிறகு சிவப்பு அட்டையைக் காட்டினார். வாழ்நாளில் பந்தைத் தொடாமலே சிவப்பு அட்டை வாங்கியிருக்கிறேன்.

தோற்றோம். மேல்பிரிவு போய்விட்டது. பிள்ளைகள் புல்லில் இருந்து அழுதார்கள். அப்போதுதான் எனக்கு முதன்முறையாக, இது என்னைப் பற்றிய கதை மட்டும் இல்லை என்று உறைத்தது. அபிஷா அழவில்லை, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள், அவிழ்ந்த பிறகும்.

ரெனாத்தோ மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, அதை எனக்கும் அவருக்கும் நடுவில் வாங்கில் பலகையில் வைத்தார். அதன் வழியாகத்தான் உண்மை வெளியே வந்தது. 'சாலி' என்றால் மேலே ஏறு. பின்வரிசை கோலை விட்டு முன்னே ஏறி வர வேண்டும் என்றுதான் அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். நான் அதை 'சாலே', உப்பு என்று நினைத்தேன் என்றேன். அந்த அம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

ரெனாத்தோ தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னதை, அந்த அம்மா அப்படியே சொன்னார்.

"முழங்கால் என்னைத் தோற்கடித்திருக்கிறது. நடுவர்கள் தோற்கடித்திருக்கிறார்கள். கழகத் தலைவர்கள் தோற்கடித்திருக்கிறார்கள். உப்பு இதுதான் முதல் தடவை."

கோபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து அபிஷாவிடம் போய், பக்கத்தில் புல்லில் இருந்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. இரண்டு தண்ணீர்ப் போத்தல்களை நிறுத்தி, கையால் முன்னே நகர்த்திக் காட்டினார். அவள் தலையாட்டினாள். என்னால் ஒரு வாரமாகச் செய்ய முடியாததை அவர் அரை நிமிடத்தில் செய்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் மதிதான், "நல்ல காலம், நீங்கள் ஆஸ்பத்திரியில கை தூக்கேல்லை" என்றாள்.

ரெனாத்தோ அந்தக் குளிர்காலமே டெனிஷ் வகுப்பில் சேர்ந்தார். அவ்வளவு விரைவாக அந்த மொழியைப் படித்த வெளிநாட்டவரைக் கண்டதில்லை என்று ஆசிரியை சொன்னாராம். காரணம் கேட்டால், பயம் என்று சொல்லி என் பெயரைச் சொல்கிறாராம். அடுத்த பருவம் அணி மேலே போனது. எனக்கு, இடைவேளையில் பிள்ளைகளுக்குத் தோடம்பழம் வெட்டும் பொறுப்பு மட்டும் தரப்பட்டது. அதுவும் கிர்ஸ்டனின் மேற்பார்வையில்.

அபிஷா இப்போது ஹ்விடோவ்ரே என்ற ஊரில் தங்கிப் படிக்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. தெரியாத விஷயத்தில் நான் வாயைத் திறந்தால், "அப்பா உப்புக் கொண்டு வாறார்" என்பார்கள். அண்மையில் எஸ்பியர்க்கில் இருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்திருந்தார்கள். வீடு வாங்குவது பற்றி அவர்கள் கேட்க, வங்கி எப்படி யோசிக்கும் என்று நான் நிமிர்ந்து இருந்து விளக்கத் தொடங்கினேன். மதி எழுந்து போய், உப்புப் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

நான் நிறுத்திவிட்டேன். அந்தத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளை, இது இந்த வீட்டு மரியாதை என்று நினைத்தானோ என்னவோ, பணிவாகக் கொஞ்சம் கையில் கொட்டி நக்கிவிட்டு, "நல்லா இருக்கு அண்ணை" என்றான்.