யூரியா சார் விட்ட அறை

கொடைக்கானல் மலையில் காசை நீட்டினாலும் சரக்கு தராத கடைக்காரர் ஒரே ஒருவர்தான் உண்டு. நாயுடுபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் யூரியா சார். கடலோரத்து உர ஆலை ஒன்றில் முப்பது வருஷம் அமோனியா காய்ச்சிவிட்டு, ஓய்வுபெற்று மலையேறியவர். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

கேரட் போட்ட விவசாயி இரண்டு மூட்டை கேட்டால், "எதுக்குங்க ரெண்டு? ஒண்ணு செடிக்கு, இன்னொண்ணு ஓடை மீனுக்கா?" என்று ஒன்றோடு திருப்பி அனுப்பிவிடுவார். ஒருநாள் ஒருவர், "கலப்படம் இருக்குமோ சார்?" என்று கேட்டுவிட்டார். சார் மூட்டையைப் பிரித்தார். யூரியாவில் நாலு மணிகளை எடுத்து நாக்கில் போட்டுச் சப்பினார். கேட்டவர் ஓரடி பின்வாங்கினார்.

"ஜில்லுனு இருக்குங்க. அசல்தான். நீங்களும் பாக்குறீங்களா?"

செண்பகனூரில் ஒரு கல்யாணத்தில் வாழ்த்திப் பேச இவரிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "நைட்ரஜனும் ஹைட்ரஜனும் லேசுல சேராதுங்க. சூடு வேணும், அழுத்தம் வேணும், பக்கத்துல இரும்பும் வேணும். அந்த இரும்பு தான் மட்டும் மாறாது, மத்த ரெண்டையும் மாத்திப்புடும்" என்றவர், மாப்பிள்ளையின் அம்மாவைக் கைகாட்டி, "நம்ம வீட்டு இரும்பு இவங்கதான்" என்று முடித்தார். மைக்கை அவர் கையிலிருந்து அவசரமாக வாங்கிக்கொண்டார்கள்.

நான் பக்கத்து லாட்ஜில் மேனேஜர். ரோஜாச் செடிகளுக்கு இரண்டு கிலோ யூரியா கேட்டேன். "மொதல்ல செடிய நான் பாக்கணுங்க" என்றார்.

மறுநாள் வெள்ளனே வந்துவிட்டார். நான் அப்போது கொல்லைப்புறத்தில் வேறு சோலியாக இருந்தேன். சீசன் நேரம் பார்த்துச் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. யாரோ சொன்னார்கள் என்று கந்தக அமிலம் ஒரு கேன் வாங்கி வாளியில் ஊற்றி, காரம் குறையட்டும் என்று ஒரு மக் தண்ணீரை அதில் சாய்க்கப் போனேன்.

"ஏலே!"

தெருநாயைக்கூட "தள்ளிக்கோங்க" என்று சொல்லும் மனிதர் அவர். நான் திரும்புவதற்குள் மக் பறந்தது. அடுத்த நொடி என் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை. பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த டூரிஸ்ட் குடும்பம் பிரஷ்ஷோடு உறைந்து நின்றது. எனக்கு வயது நாற்பத்தேழு. என் அப்பாகூட என்னை அறைந்ததில்லை.

கோபம் தலைக்கேறி, "என்ன சார் இது!" என்று கத்தினேன். சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணியிலதாங்க ஆசிட்ட ஊத்தணும், அதுவும் கொஞ்சங்கொஞ்சமா. ஆசிட்ல தண்ணி விழுந்தா, அப்படியே கொதிச்சு ஆசிட்டையும் வாரிக்கிட்டு மூஞ்சிக்கு வரும். பிளான்ட்ல என் சேக்காளி ஒருத்தன் இப்படித்தான் ஊத்துனான். ரெண்டு கண்ணும் போச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். வேண்டாம்லேன்னு கத்தத்தான் செஞ்சேன். அடிக்கலைங்க."

கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்த கையை நான் எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு ரோஜாக்களைச் சுற்றிப் பார்த்தார். "இதுகளுக்கு வேண்டியது வெயிலு. யூரியா இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு மணி யூரியாகூடத் தராமல் போனார்.

இப்போதும் தினமும் காலையில் லாட்ஜ் வாசலில் நின்று, என் கண்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறார். நன்றாகப் பார்க்கட்டும் என்று நானும் கண்களை அகல விரித்துக்கொண்டு நிற்கிறேன்.