கம்பி விழலாம்

எடப்பாடிக்கு மேற்கே ஒரு சிற்றூர். அங்குள்ள மின்சார அலுவலகத்துக்குப் பொறுப்பு வகித்த திருவாளர் தீனதயாளன் அவர்கள், அஸ்தம்பட்டியில் அலுவலக ஆங்கிலப் பயிற்சியைச் செவ்வனே முடித்துத் திரும்பிய மறுநாள், சுப்பம்மாள் அவரைப் பார்க்கப் போனாள். விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவள். அவள் தறிக்கூடத்து வாசலில் மின்கம்பி தலையைத் தட்டுகிற அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

“சார், கம்பிய மாத்தோணுமுங்க.”

தீனதயாளன் பேனாவை மூடினார். “மாத்தோணும்னா? மஸ்ட்டா, ஷுட்டா?”

“ஏனுங்க?”

“மஸ்ட்டுன்னா கட்டாயம். ஷுட்டுன்னா அறிவுரை. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ‘ணும்’தான். நாடு எப்படிம்மா முன்னேறும்? நீங்க என்னைக் கட்டாயப்படுத்தறீங்களா, அறிவுரை சொல்றீங்களா?”

அதிகாரியைக் கட்டாயப்படுத்தினால் கேஸ் ஆகிவிடுமோ என்று சுப்பம்மாளுக்குப் பயம். “அறிவுரைன்னே வெச்சுக்குங்க.”

“மிக்க நன்றி. பரிசீலிக்கப்படும்.”

“ஐயோ சாமி, அது எப்ப வேணா விழலாமுங்க!”

அவர் முகம் மலர்ந்தது. “ஆகா, ‘லாம்’! இங்கிலீஷ்ல ‘மே’. ‘உள்ளே வரலாம்’னா அனுமதி. ‘விழலாம்’னாலும் அனுமதிதான்.”

கம்பி விழுவதில் மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

அந்த வாரமே கம்பி விழுந்தது. பொறி பறந்து, தறியில் நெய்ய ஏற்றியிருந்த புதுப் பாவு நூல் கருகிப்போனது. சுப்பம்மாள் பின்வாசல் வழியாக ஓடித் தப்பினாள். ஊர் இருண்டது. அரசுக் கம்பி விழ அனுமதித்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அவளுக்கே நோட்டீஸும் வந்தது.

ஊர் கொதித்தது. சாயப்பட்டறை நாச்சிமுத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்.

“விழுந்துருமுன்னு முன்னாடியே வந்து சொன்னாளல்லங்க?”

“‘விழுந்துரும்’னு சொல்லலையே! ‘விழலாம்’னுதானே சொன்னாங்க. அவங்க சரியான சொல்லைச் சொல்லியிருந்தா நானும் சரியான வேலையைச் செஞ்சிருப்பேன்.”

கூட்டம் அடங்கிப்போனது. நாச்சிமுத்து மெல்லச் சுப்பம்மாள் பக்கம் திரும்பினார்.

“ஏஞ்சாமி, நாலெழுத்து இங்கிலீசு தெரிஞ்சிருந்தா பாவு பொழைச்சிருக்குமல்லோ?”

எல்லோரும் தலையாட்டினார்கள். கருகிய பாவை நினைத்து அழாதிருந்த சுப்பம்மாளுக்கு இப்போதுதான் கண் கலங்கியது. “இனிமேலாச்சும் படிச்சுக்கறனுங்க” என்றாள்.

ஊர் ஒருமனதாகத் தீர்மானித்தது. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மாலை ஆங்கில வகுப்பு. ஆசிரியர், வேறு யார், தீனதயாளனேதான். அறுந்த கம்பி தெருவின் குறுக்கே கிடந்தபடி கிடந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டும் சேலையைச் சுருட்டிக்கொண்டும் அதைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள். தறி ஓடாததால் பொழுதிருந்த சுப்பம்மாளுக்கு முதல் வரிசை.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆசிரியர் கேட்டார்: “கட்டாயத்துக்கு ஒரு உதாரணம்?”

சுப்பம்மாள் எழுந்தாள். “தெருவுல கெடக்கற கம்பிய யாராச்சும் எடுத்தே ஆகோணுமுங்க.”

“அருமை! இங்கிலீஷ்ல எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க.”

“சம்படி மஸ்ட் ரிமூவ் த ஒயர்!”

மண்டபம் அதிர்ந்தது. உச்சரிப்பு சுத்தமாக இருப்பதாக ஆசிரியர் பாராட்டினார். எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை.

வகுப்பு முடிந்து, ஒருவர் பின் ஒருவராகக் கம்பியைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். சாருக்குக் கால் தடுக்கிவிடக் கூடாதே என்று சுப்பம்மாள் செல்போன் விளக்கைப் பிடித்தாள்.