கடைசி வரியே செல்லும்

சமையலறையில் 'டங்' என்று ஒரு சத்தம். பதறாதீர்கள். குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளின் மேல் மனைவி கரண்டியை வீசியிருக்கிறாள். கூடத்தில் அவள் அண்ணன்; மூன்று வருடச் சண்டையை முடித்துக்கொள்ள வந்தவர்.

அவருக்கு எதிரே கலங்கிய கண்களோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவள் கணவர், அவர்தான் ஆப்ஷன்காரர் என்னும் இனம். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது தொழில். எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலருக்கு, வேகமாகச் செய், நிதானமாகச் செய், எச்சரிக்கை காட்டு, காட்டாதே என்று வரிவரியாக 'ஆப்ஷன்' என்னும் கட்டளைகளை இட்டு, இரண்டு கட்டளைகள் முட்டிக்கொண்டால் கடைசி வரியே செல்லும், எழுதி வைத்ததைவிட நேரில் சொன்னதே பெரிது என்று இருபது வருடம் பழகியவர், அதை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாரா? வீட்டுக்கும் அப்படியொரு கட்டளைத் தாள் எழுதி ஒட்டினார். செருப்பு: வெளியே. தொலைக்காட்சி: மெதுவாக. மாமியார் பேச்சு: எச்சரிக்கையாக மட்டும் கொள்க.

நேற்று மனைவியின் கண்ணீரில் கரைந்துபோய், தாளின் தலையில் எழுதினார்: 'மச்சானோடு சண்டை: வேண்டாம்.' அடியில், மூன்று வருடத்துக்கு முன் எழுதிய 'மச்சானோடு சண்டை: வேண்டும்' அப்படியே கிடந்தது. அதை அழிக்க மறந்துவிட்டார். இன்று அழித்தால் என்ன? மச்சான் வந்தாயிற்று; வேலை தொடங்கிவிட்டால் நடுவே தாளைத் தொடக் கூடாதாம்!

"மச்சான், என் ஏணியை நீங்கதானே உடைச்சீங்க?" என்று வரியின்படி சண்டையைத் தொடங்கினார் ஆப்ஷன்காரர்.

"அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தானே வந்திருக்கேன், மாப்பிள்ளை!"

"நான் மன்னிச்சு ஒரு நாளாச்சு. கடைசி வரி சண்டைன்னு இருக்கே, நான் என்ன பண்ணுவேன்?"

மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, தாளைவிட நேர்ல சொல்றதுதான் பெரிசுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? நான் நேர்லயே சொல்றேன். அண்ணனைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க!"

ஆகா! ஆப்ஷன்காரர் முகம் மலர்ந்தது. எழுந்தார், கைகளை விரித்தார். கட்டிக்கொள்ள ஒரு சாண்தான் பாக்கி.

"இருக்கட்டும்மா, நான் கிளம்புறேன்" என்றார் அண்ணன், வெறும் மரியாதைக்கு.

'இன்னொரு முறை கூப்பிடு' என்றுதான் அதற்கு அர்த்தம். கம்பைலருக்கு அது தெரியுமா? நேரில் சொன்னது, அதுவும் கடைசியாகச் சொன்னது. விரித்த கைகளில் ஒன்று கண்ணீரைத் துடைத்தது. மற்றொன்று வாசற்கதவைத் திறந்தது.

"போயிட்டு வாங்க, மச்சான்."

சிரிக்கிறீர்களா? பத்து நல்ல வார்த்தைகளை விட்டுவிட்டு, கடைசியாகக் காதில் விழுந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, நீங்கள் யாரையும் வழியனுப்பியதே இல்லையா? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.

இங்கே கதவைச் சாத்தியாகிவிட்டது.