தீர்த்தகிரி மூன்றை வென்ற கதை

1982ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, சேவல் இரண்டாம் முறை கூவிய வேளை.

வாழ்க தீர்த்தகிரி! முகில்தவழ் சவ்வாது மலையில் முக்கால் காணிச் சாமைக்கும் நான்கு ஆடுகளுக்கும் தனிப்பெருந்தலைவன். புளிமூட்டையைத் தோளேற்றி ஒடுகத்தூர் மண்டிவரை இறங்கி, இறக்கிவைத்த கையோடு மலையேறித் திரும்பும் இரும்புத்தோளன். எதிரே கரடி வந்து நின்றபோதும் வாயிலிருந்த பீடியை எடுக்காத நெஞ்சுரத்தோன். அப்பெருந்தகை அன்று தன் கூரைவீட்டு வாசலில் குந்தியிருந்தான். உள்ளே அவன் மனைவி ரஞ்சிதம் உறங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். அவள் விழித்தால் போர்.

பகைவனோ உருவிலி. அவனுக்குத் தேரில்லை, கொடியில்லை, படைவரிசை இல்லை. வருமுன் சங்கூதி அறிவிக்கும் பண்பும் இல்லை. ரஞ்சிதத்தின் புருவத்தில் பாசறை அமைத்து, நினைத்தபோது மழையாய்ப் பொழிந்து, நினைத்தபோது இடியாய் இறங்கி, ஏன் வந்தான் எதற்குப் போனான் என்று அவளுக்கே சொல்லாமல் மறைவான். சில நாள்களாக இந்த முற்றுகை நடந்தது. தீர்த்தகிரி இளைத்துப்போயிருந்தான்.

ஆயினும் அன்று காலை அவன் முகத்தில் ஓர் ஒளி இருந்தது. ஏனெனில் முந்தைய நாள் அவனுக்கு அருள்வாக்குக் கிடைத்திருந்தது.

வாக்கு உரைத்தவர் நர்சம்மா சகுந்தலா. வேலூர்க்காரர். வாரம் ஒருமுறை ஜீப்பில் மலையேறி வந்து, கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு இறங்குவார். தீர்த்தகிரி அவரிடம் முறையிட்டான். அவர் ஜீப்பில் ஒரு காலை வைத்தபடியே சொன்னார்.

"மூடு மாறும்பா. பயப்படாத. அப்புறம் சரியாயிடும்."

வேறொருவனாக இருந்தால் மூடு என்றால் என்ன என்று கேட்டிருப்பான். தீர்த்தகிரி கேட்கவில்லை. ஒடுகத்தூர்ப் புளிமண்டியில் தெலுங்கு பேசும் மண்டிக்காரர் "ஒக்கட்டி, ரெண்டு, மூடு" என்று மூட்டைகளை எண்ணுவதை ஆண்டுதோறும் கேட்டுத் தேர்ந்த செவி அது. மூடு என்றால் மூன்று. மூன்று தடவை மாறும், பிறகு சரியாகிவிடும். மலையில் வேறெவருக்கும் தெலுங்கு தெரியாது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆகவே அவன் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

முதல் படையெடுப்பு பொழுது புலர்ந்ததுமே நிகழ்ந்தது. ரஞ்சிதம் எழுந்து வாசலுக்கு வந்தாள். முற்றத்தில் தாய்க்கோழி தன் குஞ்சுகளில் ஒன்றை மட்டும் கொத்தி விரட்டியது. அவ்வளவே. அணை உடைந்த ஆறெனவும் அடைமழைக்கால அருவியெனவும் அவள் கண்கள் பெருகின.

"பாருய்யா, அதுக்கு மட்டும் யாருமே இல்ல!"

தீர்த்தகிரி பாய்ந்து அந்தக் குஞ்சைப் பிடித்துத் தாயின் சிறகடியில் திணித்தான். தாய் அவன் கையையும் கொத்தியது. புறங்கையில் குருதி துளிர்த்தது. விழுப்புண் பெற்ற வீரன் சுட்டுவிரலை மடக்கினான். ஒன்று.

இரண்டாம் படையெடுப்பு உணவுவேளையில். கேழ்வரகுக் களியை யாரும் மெல்வதில்லை, உருட்டி விழுங்குவார்கள். தீர்த்தகிரி அவ்வாறே விழுங்கினான். அடுப்பருகே நின்ற ரஞ்சிதத்தின் விழிகள் சிவந்தன. களி கிளறும் துடுப்பு அவள் கையில் கதாயுதமாய் உயர்ந்தது.

"நீ முழுங்குற சத்தம் என் மண்டைக்குள்ள கேக்குது. எழுந்து போய்யா!"

துடுப்பு காற்றைக் கிழித்துப் பறந்து, கூரைக்கம்பில் மோதி, உலகமே அதிர்ந்ததோ என ஐயுறும்படி ஒரு பித்தளைச் சொம்பின்மேல் விழுந்தது. மாவீரன் வட்டிலோடு பின்வாங்கினான். அஃது ஓட்டமன்று, இடம்பெயர்தல். ஆட்டுப்பட்டிக்குள் போய் உட்கார்ந்து, எஞ்சிய களியை ஓசையின்றி விழுங்கி, அடுத்த விரலை மடக்கினான். இரண்டு.

அவ்வேளை அவனுடைய அண்ணன் மனைவி பச்சையம்மா பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். பட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கொழுந்தனாரே, அங்க குந்திக்கினு இருக்க? தழை வேணுமா?"

அதைக் கேட்டு வெளியே வந்த ரஞ்சிதம், ஆடுகளுக்கு நடுவே வட்டிலோடு அமர்ந்திருந்த கணவனைக் கண்டாள். சிரித்தாள். கையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். ஓர் ஆடு அவன் துண்டின் நுனியைத் தின்னத் தொடங்கியபோது சிரிப்பு மீண்டும் முதலிலிருந்து புறப்பட்டது.

தீர்த்தகிரி மூன்றாம் விரலை மடக்கினான். எழுந்தான். வீரர் வாகை சூடுவார்கள். ஆடு தின்றது போக மிச்சமிருந்த துண்டை அவன் தலையில் கட்டினான். திசையெட்டும் கேட்க முழங்கினான்.

"முடிஞ்சுது அண்ணி! மூணும் வந்துட்டுப் போச்சு. இனிமே எங்க வூட்ல சண்டயே கெடையாது!"

"இன்னா மூணு?" என்றாள் பச்சையம்மா. வெற்றிவேந்தன் அதற்குள் சாமைக் கொல்லையை நோக்கி நடந்துவிட்டான்.

அன்று அவன் சாமைக்குக் களைபறித்த அழகை என்னென்பது! பகையற்ற நாட்டை ஆள்பவனின் அமைதியோடு பறித்தான். பாட்டு ஒன்றை இரண்டு வரி பாடினான். உச்சிப்பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பினான்.

வீட்டில் ஓசையில்லை. ரஞ்சிதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கடியவில்லை, சிரிக்கவில்லை. கூப்பிட்டான், திரும்பவில்லை. தண்ணீர் கேட்டான், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. களத்தில் ஆயிரம் யானை பிளிறினாலும் எதிர்நிற்கலாம். இதை எப்படி எதிர்ப்பது என்று அவனுக்கு எவரும் கற்றுத்தரவில்லை.

நெடுநேரம் கழித்து அவள் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு இன்னா ஆவுதுன்னே தெரியலய்யா. பயமா கீது."

தீர்த்தகிரி கணக்கைப் பார்த்தான். கணக்கு தெளிவாக இருந்தது. மூன்று வந்தாயிற்று. அருள்வாக்கில் நான்காவது இல்லை. இல்லாத ஒன்று வந்திருக்கிறதென்றால் அதை யாரோ வேண்டுமென்று வரவழைத்திருக்க வேண்டும். அந்நாள்வரை கேடயம் மட்டுமே ஏந்திய அவ்வீரன் அப்போதுதான் முதல் அம்பை எய்தான்.

"மூணுதான் கணக்கு. அது காலையிலயே முடிஞ்சு போச்சு. இது நீயா பண்றது."

அம்பு குறி தப்பவில்லை.

ரஞ்சிதம் எழுந்தாள். இரண்டு புடவையை ஒரு துணியில் வைத்து முடிந்தாள். "எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள். கத்தவில்லை. ஒடுகத்தூருக்கு இறங்கும் பேருந்தைப் பிடிக்க ரோட்டை நோக்கி நடந்தாள். தாய்வீட்டார் முறையாக வந்து அழைத்துப்போக இன்னும் மாதங்கள் இருந்தன. தானே மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கும் பெண், பிறகு பிள்ளையோடு திரும்பி வருவாளா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. தீர்த்தகிரிக்கு அது தெரியும். ஆயினும் நீதி தன் பக்கம் இருந்ததால் அவன் அசையவில்லை. நீதியோடு தனியே கொஞ்சநேரம் நின்றான். அது பேச்சுத்துணைக்கு உதவவில்லை. பச்சையம்மாவிடம் முறையிடப் போனான்.

பச்சையம்மா, காவலூரில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்க்கும் ஆபீசின் குடியிருப்பில் பாத்திரம் தேய்ப்பவள். முழுவதையும் கேட்டாள்.

"எந்த மூணுடா? யாரு சொன்னா?"

"நர்சம்மாதான். மூடு மாறும்னு சொல்லிச்சு. மூடுன்னா தெலுங்குல மூணு அண்ணி. உங்களுக்குத் தெரியாது."

பச்சையம்மா தலையில் கைவைத்தாள்.

"அட கூறுகெட்டவனே! வேலூரு அம்மா உங்கிட்ட எதுக்குடா தெலுங்கு பேசுது? அது இங்கிலீசு மூடு. மனசு. எங்க ஆபீசரு வூட்டம்மா தெனம் சொல்லுதே, இன்னிக்கு மூடு சரியில்ல பச்சையம்மா, கொழம்பு வாணாம், ரசம் போதும்னு! அது புள்ளத்தாச்சி கூட இல்ல. இவ வவுத்துல ஒண்ணு கீது, மனசு மாறாம இன்னா பண்ணும்? அவளாவா பண்றா?"

தீர்த்தகிரி நின்றான். மடக்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"நிக்கிற? ஓடுடா. பஸ்ஸு வந்துடும்."

ஓடினான். கல்லும் முள்ளும் கலங்க, காட்டுப்பன்றிகள் வழிவிட, புதர் தாண்டிப் பள்ளம் பாய்ந்து, மலைமகன் மலையே உருண்டாற்போல் உருண்டோடினான். வழியில் ஒரு செருப்பு அறுந்தது. மற்றதையும் விட்டான். ஓடும்போதே நெஞ்சுக்குள் ஒரு பேருரை யாத்தான்; பிழைபொறுத்தருள வேண்டும் என்று தொடங்கி, அடுக்கடுக்காய் வளர்ந்து, கேட்போர் கல்மனமும் கரையுமாறு முடிவதாக அது இருந்தது.

ரோட்டை அவன் அடைந்தபோது பேருந்து நின்றிருந்தது. ரஞ்சிதம் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். ஜன்னல்தோறும் தலைகள் திரும்பின. தீர்த்தகிரி வாய் திறந்தான்.

"மூடுன்னா மூணு இல்லியாம்."

"இன்னா?"

"தெலுங்குன்னு நெனச்சிட்டேன். அது மனசாம். மூணு தபாதான் மாறும்னு நானா கணக்கு போட்டுக்கினேன்." மூச்சு வாங்கியது. பேருரையில் எஞ்சியது ஒன்றுமில்லை. "போவாதன்னு சொல்லல. நீயா பண்றதுன்னு நான் சொன்னத மட்டும் எடுத்துக்கினு போவாத. அது தப்பு."

"ஏம்மா, ஏறுனா ஏறு, இல்ல எறங்கு. மழ வருது" என்றார் கண்டக்டர்.

அவள் அவனுடைய வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு காலை எடுத்துக் கீழே வைத்தாள். விசில் ஒலித்தது. பேருந்து வளைவில் திரும்பி மறைந்தது.

முழங்குக முரசம்! பொழிக பூமாரி! மூன்றென்னும் மாயப்பகையை வேரறுத்து, அறியாமைக் கோட்டையைத் தகர்த்து, இல்லாளை மீட்ட இரும்புத்தோளன், மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இனித் தன் நாட்டில் நிலவப்போகும் நீடித்த அமைதியை உலகுக்கு அறிவிக்க நெஞ்சு நிமிர்த்தியபோது, ரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ எத்தினி தபா வரும்?"