ராத்தாவுக்குக் கடல் காட்டுதல்

மஞ்சள் டேப் மூன்று சுருளும் தீர்ந்த பிறகுதான் ஒரு படியை விட்டுவிட்டது லாபிருக்குத் தெரிந்தது. தெரிந்தது எப்படியென்றால், அந்தப் படியில் அவனே தடுக்கி விழுந்தான்.

"விழுந்தது யாரு?" என்று விறாந்தையிலிருந்து கேட்டாள் உம்மு குல்சும்.

"நான்தான் ராத்தா. ஒண்டுமில்ல."

"எனக்குத்தானேடா படிக்கு டேப் ஒட்டின? நீ ஏன் விழுற?"

"நீங்க விழாம ஈக்கத்தான்" என்றான் லாபிர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

லாபிருக்கு நாற்பத்தாறு வயது. அக்குறணையில் பிளாஸ்டிக் சாமான் கடை, அலவத்துகொடையில் வீடு. ராத்தா அவனுடைய அக்கா, அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். உம்மா மௌத்தானபோது அவனுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து சோறு ஊட்டியதும் அவள்தான், பெண் பார்த்ததும் அவள்தான். இப்போது அவளுடைய கண் போய்க்கொண்டிருந்தது. புட்டுக்குழலுக்குள்ளால் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெரிகிறது என்பாள். வாப்பாவும் இதே நோயில்தான் கண்ணை இழந்தார். பிள்ளைகளில் லாபிர் மட்டும் தப்பிவிட்டான் என்று குடும்பமே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வட்டமும் ஒரு வருடத்துக்குத் தாங்காது என்று கண்டி டொக்டர் சொல்லிவிட்டார். கட்டாரில் இருக்கும் ராத்தாவின் மகள் றமீஸா அழுதாள். உம்மாவுக்கு என்ன ஆசையென்று கேட்டாள்.

"கப்பல்ல போய்க் கடல் பாக்கணும்" என்றாள் உம்மு குல்சும். "தம்பியும் வரணும். பொம்புள தனியப் போக ஏலாதே. கூடப்பொறந்தவன் மாதிரி மஹ்ரம் ஒராள் வேணும்."

றமீஸா ஒரே நாளில் இரண்டு டிக்கட் அனுப்பிவிட்டாள். கொழும்பிலிருந்து திருகோணமலை போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல். மூன்று நாள். வீட்டுக்குள் கலவரம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

கப்பல் அறை எட்டடி அகலம் என்று லாபிர் எங்கோ வாசித்தான். உடனே வீட்டின் சின்ன அறையை எட்டடியாக்கப் புறப்பட்டான். கட்டிலைச் சுவரோடு தள்ளினான். அலுமாரியை நடுவுக்கு இழுத்தான். கதிரை இரண்டை அடுக்கி, "இதுதான் குளியலறைக் கதவு" என்றான்.

உம்மு குல்சும் வெள்ளைப் பிரம்பால் இரண்டு தட்டுத் தட்டினாள். அலுமாரியைச் சுற்றினாள். கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"சரியாடா?"

"மாஷா அல்லாஹ்!" என்று பாய்ந்து வந்த லாபிர் குளியலறைக் கதவின் மேல் விழுந்தான்.

"பாத்து நடங்களே!" என்று குசினியிலிருந்து கத்தினாள் அவனுடைய மனைவி பஸ்லினா. "ஆனை மாதிரி ரெண்டு கதிரை ஈக்குது. கண்ணுக்குத் தெரியல்லயா?"

"நான் ராத்தாவத்தான் பாத்துக்கொண்டு வந்த."

அது உண்மைதான். அவன் எதைப் பார்த்தானோ அதை மட்டும்தான் பார்த்தான். பரபரப்புக்காரன் என்று பெயரெடுத்தவன், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவனுடைய ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மற்றக் காலில் மண்ணிறச் செருப்பு. இரண்டுமே அவனுடையவை அல்ல. பின்னாலேயே வெறுங்காலோடு வந்து சேர்ந்தார் அரூஸ் ஹாஜியார்.

"லாபிர், இந்த மாசம் இது மூணாவது தடவ. என்ட செருப்புல ஒனக்கு அப்பிடி என்ன விருப்பம்?"

"மன்னிச்சுக்கோங்க ஹாஜியார். மனசெல்லாம் கப்பல்ல ஈக்குது."

"மனசு கப்பல்ல ஈக்கட்டும். செருப்பு என்ட கால்ல ஈக்கட்டும்" என்று ஹாஜியார் தன் ஒற்றைச் செருப்பை வாங்கிக்கொண்டு, மற்றதைத் தேடப் பள்ளிக்கே திரும்பிப் போனார்.

பஸ்லினா வயிறு குலுங்கச் சிரித்தாள். உம்மு குல்சும் சிரிக்கவில்லை. "தம்பி, இங்க வா" என்று அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வட்டத்துக்குள் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாளில் தன் முகம் அவளுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்து லாபிர் முகத்தைத் திருப்பாமல் காட்டிக்கொண்டு நின்றான்.

துக்கம் வந்தால் சும்மா இருக்கிற ஆளா அவன்? கப்பலில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்தான். அதற்கும் ஒரு ஒத்திகை வைத்தான். மறுநாள் பொழுதுபட்டதும் மெயின் சுவிட்சை அணைத்தான்.

"ராத்தா, பயப்பட வேணாம். நான் ஒங்ககிட்ட வாறேன்!"

வந்தான். அலுமாரிதான் முதலில் எதிர்ப்பட்டது. அதன் மேல் பஸ்லினாவின் கலியாணத்துக்கு வந்த கண்ணாடிப் பீங்கான் தட்டுகள் இருந்தன. பன்னிரண்டும் கீழே வந்தன.

"யா அல்லாஹ்! என்ட பீங்கான்!"

"ஒராளும் அசைய வேணாம்" என்று இருட்டுக்குள் அமைதியாகக் கேட்டது உம்மு குல்சுமின் குரல். பிரம்பு தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. "தம்பி, என்ட தோளப் புடி. வலப்பக்கம் ரெண்டடி வை. ம்... இனி இரி."

அவனைக் கதிரையில் இருத்திவிட்டுப் போய் அவளே மெயின் சுவிட்சைப் போட்டாள். வெளிச்சம் வந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"பீங்கானுக்கா அழுற ராத்தா? வேற வாங்குவம்."

"ஓ, பீங்கானுக்குத்தான்" என்றாள் அவள்.

லாபிர் முற்றத்துக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதான். தன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு இந்த வயதில் இப்படியா என்று அவனுக்கு ஆறவேயில்லை. கடலையாவது காட்டிவிட வேண்டும். அதில் மட்டும் ஒரு பிழையும் வரக்கூடாது.

விடிந்ததும் கண்டியிலுள்ள பயண முகவர் நஸீபுக்குப் போன் எடுத்தான்.

"நஸீப், கப்பல்ல கண் தெரியாதவங்களுக்கு உதவிக்கு ஆள் தருவாங்களாமே. அந்தப் படிவத்த நான் வந்து நிரப்புறேன்."

"அது டிக்கட் எடுத்த அண்டைக்கே நிரப்பியாச்சி நானா. ஒங்கட ராத்தா போன்லயே எல்லா வெவரமும் செல்லிட்டாங்க."

"எனக்கிட்ட ஒண்டும் செல்லல்லயே!"

"செல்ல வேணாமெண்டுதான் செல்லின" என்று நஸீப் அவசரமாகப் போனை வைத்தான்.

பாவம் ராத்தா, எனக்குக் கஷ்டம் தரக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். லாபிர் உடனே டோர்ச் இரண்டு வாங்கப் புறப்பட்டான்.

பயண நாளன்று வேன் கடுகண்ணாவை மலைப்பாதையில் இறங்கும்போது உம்மு குல்சும் கேட்டாள்: "தம்பி, வெளிய என்ன தெரியுது? செல்லேன்."

"நேரா ரோட்டு. முன்னுக்கு ஒரு லொறி."

"பக்கத்துல?"

லாபிர் முழு உடம்பையும் திருப்பினான். "ஆ, இந்தப் பக்கம் பள்ளம். அங்கால மலை. நல்ல வடிவா ஈக்குது ராத்தா."

"நல்லாப் பாத்துக்க" என்று அவன் கையைப் பிடித்தவள், கொழும்பு வரும்வரை விடவேயில்லை.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கப்பலுக்கு ஏறும் பாலம் நீண்டு கிடந்தது. ராத்தாவின் பெட்டி, தன் பெட்டி, மருந்துப் பை, டோர்ச் இரண்டு என்று லாபிர் சுமந்தான். அந்த அவசரத்தில் ஓரத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரரின் காலை மிதித்தான். மன்னிப்புக் கேட்கத் திரும்பி ஒரு குப்பைத்தொட்டியை உதைத்தான். அதற்கும் "சொரி" சொன்னான்.

இதற்குள் உம்மு குல்சும் பிரம்பைத் தட்டித் தட்டிப் பாலத்தில் பாதித் தூரம் போய்விட்டிருந்தாள்.

"ராத்தா, நில்லுங்க! விழுந்திருவீங்க!"

அப்போது நீலச் சீருடையில் ஒரு பெண் வந்து அவன் முழங்கையை மெதுவாகப் பிடித்தாள். சட்டையில் பிரியாந்தினி என்று பெயர் குத்தியிருந்தது.

"வணக்கம் சேர். உதவிக்கு வந்திருக்கிறன். கவனமா வாங்கோ, இதில ஒரு படி இருக்கு."

"ஐயோ மிஸ், நீங்க ஆள் மாறி வந்துட்டீங்க. கண் தெரியாதது எங்கட ராத்தாவுக்கு. அங்க போறாங்களே, அவங்களப் புடிங்க!"

பிரியாந்தினி கையிலிருந்த படிவத்தை மறுபடி பார்த்தாள். அவன் முழங்கையை அவள் விடவில்லை.

"இல்ல சேர், தனக்கு ஆள் தேவையில்லையெண்டு அக்கா சொல்லியிருக்கிறா. பார்வை குறைஞ்சுகொண்டு வாற ஆளெண்டு இதில இருக்கிறது உங்கட பேர்தான். மூண்டு நாளும் பகல்ல கடல் நல்லாத் தெரியிற இடத்தில உங்கள இருத்தச் சொல்லியும் எழுதுவிச்சிருக்கிறா."