வெள்ளிக்கிழமைக் கல்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்

பெருமதிப்புக்குரிய பெரிய மச்சான் பத்மநாதன் அவர்களுக்கு,

ஞானரட்ணம் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை சிவனேஸ்வரியும் தேக சுகத்துடன் இருக்கிறோம். பேச்சுவார்த்தை மட்டும் நான்கு நாளாக இல்லை. என் போனை அவள் பார்ப்பாள் என்பதால்தான் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறேன்.

விஷயம் ஒரு கல். நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோதே பின்வளவில் பறவைகள் தண்ணீர் குடிக்கவென்று நின்றது. முழங்கால் உயரம், மேலே சிறு குழி, நான்கு மூலையிலும் கொம்புபோல ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். போன வருடம் உங்கள் தங்கை திடீரென்று அதைக் கழுவி, விபூதி பூசி, சாமியறைக்குள் ஏற்றிவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் குழியில் தணல் போட்டுச் சாம்பிராணி. ஸ்மோக் அலாரம் அலற நான் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்குவேன். ஒருமுறை தீயணைப்பு வண்டியே வந்து, வந்தவர்கள் கடலையும் வடையும் சாப்பிட்டுப் போனார்கள். கல்லில் தெரிந்த கீறல்களை அழுக்கென்று நினைத்து அவள் பழப்புளி போட்டுத் தேய்த்தும் பார்த்தாள். மகள் லக்‌ஷிகா அதைப் படமெடுத்து இன்டர்நெட்டில் போட, ஒரு நூதனசாலையிலிருந்து, மியூசியம் என்கிறார்களே, அங்கிருந்து ஆராய்ச்சிப் பெண்மணி ஒருவர் வந்துவிட்டார். கீறல் அல்லவாம், அரமேயிக் என்ற பழங்கால மொழியின் எழுத்தாம். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன் அரேபியப் பக்கம் ஒருவர் தன் உயிருக்காகவும் பிள்ளைகளின் உயிருக்காகவும் தன் தெய்வத்துக்கு வைத்த தூபக்கல்லாம். தெய்வத்தின் பெயர் இருந்த இடம் தேய்ந்துபோயிற்றாம். நான் பழப்புளியைப் பற்றி வாயே திறக்கவில்லை. குழிக்குள் இருந்த கரியைப் பார்த்து அவர் கண்கலங்கினார். அது போன வெள்ளிக்கிழமைக் கரி என்று சொல்லும்படி ஆயிற்று.

கல்லைக் கொடுப்பதாக அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் கல்லை ஏற்ற அவர்களின் வான் வண்டி வருகிறது. உங்கள் தங்கையோ சாமியறை வாசலில் கதிரை போட்டு இருந்துவிட்டாள்.

“நேர்ந்து வைச்சதை எடுக்க ஏலாது. எடுத்தால் குற்றம்.”

“அது ஆரோ அரபிக்காரன் நேர்ந்ததப்பா. அவனும் இல்லை, அவன்ரை பிள்ளையளும் இல்லை.”

“உங்களுக்கு ஒண்டும் விளங்காது.”

அதற்குப் பிறகு மேசைக்குச் சாப்பாடு வருகிறது, சத்தம் வருவதில்லை. நீங்கள் சொன்னால் மட்டும் அவள் கேட்பாள். கடிதம் கண்டதும் போன் எடுத்து, நாலு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லிக் கல்லை விடச் செய்யவும்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் உதவியை நம்பியிருக்கும்
ஞானரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது லக்‌ஷிகா வந்தாள். “அப்பா, அம்மா நேர்ந்தது உங்களுக்குத்தானே. உங்கடை நெஞ்சு ஒப்பரேசன் அண்டைக்குத்தான் கல்லை உள்ளுக்குத் தூக்கினவ” என்றாள். ஒரு வருடமாக எனக்குத் தெரியாது. படிக்கட்டில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். இதை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம். போனும் எடுக்க வேண்டாம். வானை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நூதனசாலையில் காரணத்தை எழுத்தில் கேட்டார்கள். யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆள் இன்னும் உயிரோடு இருப்பதால் தற்போது தர இயலாது என்று எழுதிக் கொடுத்தேன்.