பின்னால் போகாத வண்டி

லகுவாத்,
12 மார்ச் 1987, வியாழன் காலை.

தமன்ராஸத்தில் வசிக்கும் கண்ணியமிக்க சம்பந்தி ஹாஜி பெல்கைர் அவர்களுக்கு, லகுவாத் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற துஹாமி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி கைராவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கு தங்கள் நலமும், சம்பந்தியம்மா நலமும், மாப்பிள்ளை நலமும், நிறைமாதமாக இருக்கும் எங்கள் மகள் ஸாதியாவின் நலமும், அவள் வயிற்றுக்குள் இருந்துகொண்டு எங்கள் எல்லோரையும் இப்படி ஆட்டிவைக்கும் அந்தப் பெரிய மனிதரின் நலமும் அறிய ஆவல். தங்கள் ஒட்டகத்தின் கால் வீக்கம் வடிந்ததா என்பதையும் ஒரு வரி எழுதவும்.

நிற்க. இன்று அதிகாலை நாங்கள் புறப்படுவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதற்கு முந்திய கடிதத்தில் வேறொரு வியாழக்கிழமையை எழுதியிருந்தேன். அதற்கும் முந்தியதைத் தாங்கள் மறந்திருந்தால் நல்லது. மூன்றாவது முறையாகத் தேதியை மாற்றி எழுதக் கை கூசுகிறது. ஆனால் இங்கே நடந்ததை எல்லாம் கேட்டால் நீங்களே "மெதுவா வாப்பா துஹாமி" என்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கைரா ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது நியாயம்தான், நீங்களும் வரச் சொல்லித்தான் எழுதியிருந்தீர்கள். பஸ்ஸில் போய்விடலாமே என்றேன். அவள் தயார் செய்து வைத்திருப்பதைக் காட்டினாள். இரண்டு மூட்டை ரவை, ஒரு ஜாடி உப்பு வெண்ணெய், தேன், அவளே ஆட்டுமயிர் சீவி அடைத்த ஒரு மெத்தை, பிள்ளை பெற்றவளுக்கு நாளுக்கு ஒன்று வீதம் சூப்பு வைக்க உயிரோடு ஏழு கோழி. "இதையெல்லாம் எந்த பஸ்காரன் ஏத்துவான்?" என்று கேட்டாள். அப்புறம் அவளே தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே பேரீச்ச மரத்தடியில் எட்டு வருடமாக எங்கள் பழைய நானூற்று நாலு கார் நின்றுகொண்டிருந்தது. நீங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது அதைக் கோழிக்கூண்டு என்று நினைத்து, நல்ல விசாலமான கூண்டு என்று பாராட்டினீர்கள். மரியாதைக்காக நான் மறுக்கவில்லை. உண்மையில் அது மூன்று வரிசை இருக்கை கொண்ட டீசல் ஸ்டேஷன் வேகன், என் சிறிய தகப்பனார் விட்டுப்போனது. துரு பிடிக்காத இடம் அதில் கண்ணாடி மட்டும்தான்.

கைராவின் உடன்பிறந்த அண்ணன் ஜெல்லூலை உங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் பாலைவனத்தில் டீசல் லாரி ஓட்டி, இரண்டு காதையும் லாரிக்கே கொடுத்துவிட்டு வீடு திரும்பியவர். உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். வாதத்தில் தோற்கிற மாதிரி இருந்தால் கண்ணை மூடிக்கொள்வார், அத்தோடு வாதம் முடிந்தது. அவர் வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்த கோழியை மரியாதையாக எழுப்பி வெளியே விட்டார். "எஞ்சின் செத்துப்போகல மச்சான், கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு," என்றார். ரொட்டிக்கடை மஸூதின் மாவு லாரியில் கயிறு கட்டி, வண்டியைத் தெருவோடு இழுத்தோம். முதல் தெருவில் ஒன்றுமில்லை. இரண்டாவது தெருவில் ஒரு செருமல். மூன்றாவது தெருவில் சம்பந்தி, அந்த எட்டு வருடக் கோபமும் ஒரே மூச்சில் கருப்பாக வெளியே வந்தது பாருங்கள், மூன்று மொட்டைமாடித் துணியும் கரியாகிவிட்டது. பெண்கள் சண்டைக்குக் கிளம்பி வந்தார்கள். வந்தவர்கள் வண்டி தன்னால் ஓடுவதைப் பார்த்து, சண்டையை மறந்து, மாஷா அல்லாஹ் என்று நின்றுவிட்டார்கள்.

அன்றைக்கு மச்சான் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காது கேட்காத மனிதர் எஞ்சினை எப்படிச் சோதிப்பார் என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம். அவர் ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். கொஞ்சம் தள்ளி வைத்தார், மறுபடி கடித்தார். "ஒண்ணும் ரெண்டும் ஒழுங்கா இருக்கு. மூணாவது அழுவுது. நாலாவது பொய் சொல்லுது," என்றார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதில் டீசல் பீய்ச்சுகிற மூக்கு அடைத்திருந்தது, நாலாவதில் வால்வு சரியாக மூடவில்லை. நானும் ஒருமுறை கடித்துப் பார்த்தேன். என் மண்டைக்குள்ளே ஒரு சந்தையே நடந்தது. ஆள் நடக்கிற சத்தம், இரும்பு தட்டுகிற சத்தம், தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒன்று. இத்தனையும் அந்தத் துருப்பிடித்த மூடிக்குக் கீழே இத்தனை நாள் காத்திருந்ததா என்று இன்னொரு தரம் கடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை, அவர்தான் பிடுங்கிக்கொண்டார்.

அப்புறம் டேங்கின் கதை. கழற்றிக் குலுக்கினால் உள்ளே சோளப்பொரி மாதிரித் துரு. இந்த அழுக்கோடு போனால் நடுவழியில் ஐன் ஸாலா ஊரைத் தாண்டுவதற்குள் டீசல் குழாய் நூறு தரம் அடைத்துக்கொள்ளும் என்றார் மச்சான். டேங்குக்குள் கூழாங்கல்லும் சங்கிலியும் போட்டு, தண்ணீர் விற்கிறவனுடைய கழுதை வண்டிச் சக்கரத்தில் கட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்க அது கடகடவென்று ஊரைச் சுற்றியது. தண்ணீர்க்காரனுக்கு அன்றைக்குக் கூவுகிற வேலை மிச்சம். மாலையில் திறந்து பார்த்தால் உள்ளே பளபளவென்று முகம் பார்க்கலாம், கூடவே ஒரு ஊசி ஓட்டை வழியாக வெளியுலகத்தையும் பார்க்கலாம். அதைச் சோப்பும் பேரீச்சம்பழமும் பிசைந்து அடைத்தார். ஒட்டிக்கொண்டது, இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனாலும் எதற்கும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமே என்று நான் சொன்னதுதான் முதல் தேதி தள்ளிப்போன காரணம்.

இரண்டாவது தேதி தள்ளிப்போனது என் காலால். சோதனை ஓட்டத்தில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து, காலைக் கொஞ்சம் நிம்மதியாக நீட்டினேன். தரை கழன்று விழுந்துவிட்டது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நானும் உட்கார்ந்தபடியே கூட நாலு எட்டு நடந்தேன். கத்தினேன். அவருக்குத்தான் காது கேட்காதே, சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறார். அப்புறம் ஆலிவ் எண்ணெய் டின்களை வெட்டித் தட்டி, புதுத் தரை போட்டுக் கொடுத்தார். இப்போது அதன்மேல் ஒரு மாடு நிற்கலாம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஏறக்குறைய எல்லாம் சரியானதும் மச்சான் கருவிகளைத் துடைத்துக்கொண்டே, "எந்தக் குறையை விடலாம், சொல்லுங்க," என்றார். குறையே இல்லாத வண்டியைக் கண்ணேறு சும்மா விடாது, எங்கள் பக்கம் தூரப் பயணம் போகிற எதற்கும் ஒரு ஊனத்தைத் தெரிந்தே மிச்சம் வைத்துத்தான் அனுப்புவோம். நான் யோசித்து, சாம்பல் கிண்ணத்து மூடி என்றேன். "அது ஒரு குறையா மச்சான்? கண்ணு போடுறவன் என்ன மடையனா?" என்றார். சரி, ஹார்ன் என்றேன். குறுக்கே வருகிற ஒட்டகத்துக்கு யார் பதில் சொல்வது என்று அதையும் தள்ளினார். கைரா முற்றத்தில் ரவை பிசைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, ரிவர்ஸ் கியர் விழுதா?"

"விழல. நாளைக்குக் கழட்டிப் பாக்கணும்."

"கழட்டாதீங்க. அதையே விட்டுடுங்க. என் மகளைப் பாக்கப் போற வண்டிக்குப் பின்னாடி போற வேலை என்ன இருக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தார், நான் மச்சானைப் பார்த்தேன். நானும் கைராவும் இருபத்தொன்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். இவளுக்குள் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது.

ஆனால் வண்டி நின்றது மச்சானின் சரிவான கொட்டகையில், சுவரைப் பார்த்து, மூட்டை முடிச்செல்லாம் ஏற்றி. முன்னால் சுவர், பின்னால் மேடு, ரிவர்ஸ் கிடையாது. செவ்வாய்க்கிழமை தெருவே திரண்டு வந்து, பதினேழு பேர் தோள் கொடுத்து மேட்டில் ஏற்றினோம். கைரா முன்னிருக்கையில் கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் இறங்கிக்கம்மா, பாரம் குறையும்," என்றார் மஸூத். "உக்காந்தாச்சு தம்பி. இனிமே தமன்ராஸத்துலதான் இறங்குவேன். நீ பேசாம தள்ளு," என்றாள். தள்ளினோம், ஏறிவிட்டது. அதன் பிறகு சோற்றுக்கும் தூக்கத்துக்கும் மட்டும் இறங்கினாள் என்பது வேறு விஷயம்.

இப்படியெல்லாம் இருக்க, ஏன் இன்று புறப்படவில்லை என்று கேட்பீர்கள். நேற்று புதன்கிழமை சாயங்காலம் நான்தான் நிறுத்தினேன். மாற்று டயர் இரண்டுதான் இருக்கிறது, மூன்று இருந்தால் நல்லது. தெற்கிலிருந்து மணற்காற்று வருமென்று பள்ளிவாசலில் ஒருவர் சொன்னார். உங்களிடம் மறைப்பானேன் சம்பந்தி, எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ஊருக்குப் போகிற கடிதங்களுக்கு ஆயிரக்கணக்கில் முத்திரை குத்தியிருக்கிறேனே தவிர, நான் தெற்கே அடுத்த ஊரான கர்தாயாவைத் தாண்டியதில்லை. ஐன் ஸாலாவிலிருந்து உங்கள் வீட்டுக்கு அறுநூற்று அறுபது கிலோமீட்டர். அந்த எண்ணை நினைத்தால் ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டுக்கொள்கிறேன். அந்த வெறுமையில் இந்த எண்ணெய் டின் தரைமேல் நான் உட்கார்ந்திருப்பதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. ஆகவே அடுத்த வியாழன், பத்தொன்பதாம் தேதி என்று முடிவு செய்தேன். கைராவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க. நீங்க காலையில உக்காந்து சம்பந்திக்கு விவரமா ஒரு கடிதம் எழுதுங்க," என்றாள். என்ன பொறுமை பாருங்கள்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். பிரசவம் இருபத்தொன்று, சனிக்கிழமை என்று மருத்துவச்சி சொன்னதாக ஸாதியா எழுதியிருந்தாள். பத்தொன்பதில் கிளம்பினால், நான்கு நாள் பயணம், நாங்கள் வந்து சேர இருபத்திரண்டு ராத்திரி ஆகும். தாங்கள் பெரியவர், தாங்கள் ஒரு துஆ செய்து, குழந்தையை ஒரு நாள் பொறுக்கச் சொன்னால் தாய் பக்கத்தில் இருந்ததாக ஆகிவிடும். முடியாதென்றால் ஒரு வரி தந்தி கொடுக்கவும், நான் வேறு ஏதாவது யோசிக்கிறேன்.

இதோ, இதை எழுதும்போது வெளியே எஞ்சின் ஓடுகிறது. மச்சான் தினமும் காலையில் சூடேற்றுவார். என்ன சத்தம் தெரியுமா? எட்டு வருடம் கோழி குடியிருந்த வண்டி என்று யாராவது சொல்ல முடியுமா? நாலும் ஒரே சீராக, அழுகை கிடையாது, பொய் கிடையாது. எழுதுகிற மேசைகூட லேசாக நடுங்குகிறது, மை சிதறியிருந்தால் மன்னிக்கவும். இப்போது சத்தம் தெருமுனையில் திரும்புகிறது. டீசல் ஊற்றிக்கொள்ளப் போகிறார் போலிருக்கிறது. அடுத்த வாரத்துக்கு இப்போதே தயார் செய்கிறார், பொறுப்பான மனிதர்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு ஸலாம், சிறியவர்களுக்கு என் முத்தம். ஸாதியாவை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லவும். அல்லாஹ் தங்கள் கிணற்றில் நீரையும், தங்கள் வாசலில் விருந்தாளிகளையும் குறையாமல் வைப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
துஹாமி.

பின்குறிப்பு: மணி பதினொன்று. உறையை ஒட்டப் போகும்போது ரொட்டிக்கடை மஸூத் வாசலில் வந்து நின்று, பேயைப் பார்த்த மாதிரி என்னைப் பார்த்தார். "நீங்க இன்னும் இங்கயா இருக்கீங்க? உங்க வீட்டம்மாவும் மச்சானும் நாப்பது ரொட்டி வாங்கிக்கிட்டு கர்தாயா ரோட்ல போயிட்டாங்களே. நீங்க பின்னாடி மூட்டைக்கு நடுவுல படுத்துத் தூங்குறீங்கன்னுல்ல நெனச்சேன்," என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன். வண்டி இல்லை, கோழி இல்லை, மெத்தை இல்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக வைத்துக்கொள்ளவும். குழந்தையிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம், திங்கட்கிழமைக்குள் கைரா உங்கள் வாசலில் இருப்பாள். இந்தக் கடிதம் தபாலில் அவளுக்குப் பின்னால்தான் வரும் என்பதால் நானே கையில் கொண்டு வருகிறேன். கதவுக்குப் பின்னால் என் பை இருந்தது. மாற்றுத் துணி, ரத்த அழுத்த மாத்திரை, அவித்த முட்டை ஆறு, தமன்ராஸத்துக்கு ஒரு பஸ் டிக்கெட், இன்று மாலை நாலு மணி வண்டிக்கு. சம்பந்தி, நான் பயந்துபோய்த் தேதியை மாற்றியது நேற்று, புதன்கிழமை. டிக்கெட் திங்கட்கிழமையே வாங்கியிருக்கிறாள்.